வெளிநாட்டில் எங்களுக்கும் ஒரு கம்பனி இருந்தது

துணிகளில் அச்சிடும் டிசைன்களைக் கணினியில் வரைந்து விற்பது என் தொழில். குண்டசாலையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். கூட்டாளி, பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த கெலிஓயாக்காரி. இலையும் கொடியும் நான் வரைவேன். நிறம் அவள் பொறுப்பு. நான் வரைந்த பலா இலைகளுக்கு ஒருமுறை ஊதா நிறம் கொடுத்தாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்த ஊதாதான் முதலில் விலைபோனது.

வாங்கியவர் ஐரோப்பாவில் திரைச்சீலை செய்து விற்கும் ஒரு பெண்மணி. தொடர்ந்து வாங்குவதாகச் சொன்னார். ஒரேயொரு வேண்டுகோள்: "எங்கள் பக்கம் ஒரு கம்பனி பதிந்து, வங்கிக் கணக்கொன்று திறந்துவிடுங்கள். எல்லாம் இணையத்திலேயே முடியும். தேநீர் குடிக்கிற நேரம்தான்."

தேநீரை ஊற்றிக்கொண்டே உட்கார்ந்தோம். முதல் கேள்வி, எந்த நாடு? பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டு போனேன். ஸ்பெயினுக்கு அடுத்து சுரினாம் வந்தது. மேலே போய்த் திரும்ப வந்தேன். அப்போதும் ஸ்பெயின், சுரினாம்.

"என்னடி, நம்மட நாட்டக் கடல் கொண்டு போய்ட்டா?" என்றாள் அவள்.

வேறு இணையதளங்களில் தேடினோம். ஒன்றில் பட்டியலில் நாங்கள் இருந்தோம், ஆனால் கடைசிப் பக்கத்தில் "மன்னிக்கவும்" என்றது. இன்னொன்றில் ஒருவழியாகக் கம்பனி பதிவாகிவிட்டது. சான்றிதழ் மின்னஞ்சலில் வந்ததும் அப்பா டவுனுக்குப் போய் அதைக் கலரில் அச்சடித்து வந்தார். மாநகரசபையில் காலமெல்லாம் கிளார்க்காக இருந்தவர். முத்திரையுள்ள எந்தக் காகிதத்தையும் அவர் மடிக்க மாட்டார்.

வங்கிக் கணக்குதான் மிச்சம். அதற்கு முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமாம், கணினித் திரையில். அன்று கெலிஓயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து சேர்ந்தாள் கூட்டாளி. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உள்ளே இருக்கும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தோம்.

திரையில் தெரிந்த அதிகாரி இளைஞன், மரியாதையானவன். கடவுச்சீட்டைப் பார்த்து என்னைக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்தான். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அவன் இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டதும், "ஆமாங்க, நான்தான்! யாரு?" என்றபடி பனியனும் சாரமுமாக அப்பா வந்து நின்றார்.

அதிகாரி கண்ணைச் சுருக்கினான். "விண்ணப்பித்தவர் இவரா, நீங்களா?"

விளக்கினேன். முகவரிக்கு ஆதாரமாக நாங்கள் அனுப்பிய கரண்ட் பில்லும் அப்பா பெயரில்தான் இருந்தது. விளக்க விளக்க, யாருமே இல்லாத வீட்டில் யாரோ ஒருவர் பெயரில் குடியிருப்பவள்போல எனக்கே தோன்றியது. அப்பா கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அந்த இளைஞனே மனமிரங்கிச் சொன்னான். "உங்கள் ஆவணங்களில் பிழை இல்லை. உங்கள் நாட்டுக் கடவுச்சீட்டைப் போட்டாலே எங்கள் கணினி சிவப்புக் காட்டுகிறது. நான் முயற்சி செய்கிறேன்."

"சிவப்பெண்டா எந்தச் சிவப்பாம்? கேளேன்," என்று கூட்டாளி என் காதில் கிசுகிசுத்தாள்.

அப்பாவுக்கு நான் தமிழில் சொன்னேன். அவர் வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இந்த நாடும், பாட்டன் புறப்பட்டு வந்த அந்த நாடும் எங்களுடைய ஆள் இல்லையென்று சொன்ன காலத்தில் வளர்ந்து, மீசை முளைத்த பிறகு பிரஜாவுரிமை பெற்றவர். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

"அப்ப நாடே இல்லன்னாங்க. இப்ப நாடு இருக்கு, அது சரியில்லங்கிறாங்க. பரவால்ல, ஒரு படி ஏறியிருக்கோம்ல?" என்றார். பிறகு திரையைப் பார்த்து, "அந்தத் தம்பி என்ன செய்வான் பாவம். சாப்டானான்னு கேளு."

கேட்டேன். அவன் முதன்முறையாகச் சிரித்தான். இன்னும் இல்லையாம்.

அடுத்த வாரம் பதில் வந்தது. இரண்டு வரியில் மறுப்பு. காரணம் சொல்லவில்லை. அப்பாவைப் போல என்னால் சிரிக்க முடியவில்லை. ஒருவரையும் ஏமாற்றாமல், உட்கார்ந்து இலை வரைந்துகொண்டிருப்பவளைத் திருடியென்று சொல்லாமல் சொன்னதுபோல இருந்தது. இரண்டு நாள் கணினியைத் திறக்கவே இல்லை.

கூட்டாளிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள், கண்டி டவுனில் மாடியொன்றில் இருந்த ஓர் ஆலோசகரிடம். டை கட்டியிருந்தார். "மிஸ், நாட்ட மாத்த ஏலாது. டைரக்டர மாத்தலாம்," என்றார். வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறாராம். பெயரை மட்டும் வாடகைக்குத் தருவாராம். கம்பனி அவர் பெயரில், கணக்கு அவர் பெயரில்.

"அப்ப நாங்க?" என்றேன்.

"நீங்க பின்னால இருக்கலாமே."

கூட்டாளி எழுந்து நின்றாள். "நாங்க ராவு பகலா கீறினதுக்கு, ஆருண்டே தெரியாத ஒரு மனுசன் பேரு வைக்கிறதா? எழும்புடி, போவோம்."

படியிறங்கும்போது எனக்கு மனம் லேசாக இருந்தது. அன்றைக்கே திரைச்சீலைக்காரப் பெண்மணிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினோம்.

அவர் உடனே அழைத்தார். "உங்கள் நாட்டுக்காகவா மறுத்தார்கள்?" நம்பவே இல்லை. தன் கணக்காளரிடம் விசாரித்தார். கண்டியிலிருக்கும் எங்கள் கணக்குக்கே நேரடியாக அனுப்பத் தடையில்லையாம். ஆனால் அனுப்பப்போனபோது அவருடைய வங்கி அவரையே பிடித்துக்கொண்டது. ஏன் அந்த நாட்டுக்கு? யார் அவர்கள்? எதற்காக? மூன்றாம் முறையும் இதையே கேட்டபோது அவர் எழுந்து கடைக்குப் போய், எங்கள் ஊதாப் பலா இலைத் திரைச்சீலை ஒன்றை எடுத்துவந்து வங்கி மேசைமேல் விரித்திருக்கிறார். "இதற்காக!"

அவர் மூச்சு வாங்க இதைச் சொன்னபோது, இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பணம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அப்படியே வருகிறது.

வெளிநாட்டுக் கம்பனியை மூடவேண்டியதுதான் பாக்கி. அதற்கும் ஒரு கட்டணம் உண்டாம். அதைக் கம்பனியின் வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்டவேண்டுமாம். இல்லாத கணக்கிலிருந்து எப்படிக் கட்டுவது என்று நான் எழுதிய கடிதத்துக்கு, அதே விதியை மறுபடி அனுப்பிவைத்தார்கள். கடைசியில் அந்தப் பெண்மணியே அதையும் கட்டி முடித்துவைத்தார்.

மூடியாயிற்று என்ற செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, கூட்டாளி பெரிய சட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"கம்பனி மவுத்தாகிட்டு. கத்தம் குடுக்க வேணாமா? உம்மா புரியாணி ஆக்கித் தந்தாங்க."

மூன்று பேரும் முன்னறையில் கணினியை ஒதுக்கிவைத்துவிட்டு, செத்துப்போன கம்பனியின் பேரால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, எலும்பை நிதானமாக உறிஞ்சி முடித்து, எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த கம்பனிய எப்பம்மா மூடப் போறீங்க?"