இரண்டு பூட்டுப் போட்ட அறை

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஓர் அறைக்கு இரண்டு பூட்டுகள் இருந்தன. கார்களுக்கு முகப்பு விளக்கு செய்யும் தொழிற்சாலை அது. ஒரு ஜெர்மானிய நிறுவனமும் ஒரு பிரெஞ்சு நிறுவனமும் சரிபாதிப் பங்கு போட்டு நடத்தின. விளக்கின் கண்ணாடியும் வெளிக்கூடும் பிரெஞ்சுக்காரர்களின் பொறுப்பு. உள்ளே ஓடும் கம்பியும் மின்சாரமும் ஜெர்மானியர்களின் பொறுப்பு. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முத்திரையிட்ட மாதிரி விளக்குகள் அந்த அறையில் இருந்தன. தரத்தைப் பற்றித் தகராறு வந்தால் அவற்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எந்தப் பக்கம் தவறு என்று தீர்ப்பார்கள். ஒரு பக்கம் தனியாக உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காகவே இரண்டு பூட்டுகள். ஜெர்மானியப் பூட்டின் சாவி என்னிடம் இருந்தது. பிரெஞ்சுப் பூட்டின் சாவி என் தோழியிடம் இருந்தது.

நான் ஜெர்மானிய மேலாளரின் செயலாளர். அவள் பிரெஞ்சு மேலாளரின் செயலாளர். நான் மாலை வகுப்புகளில் ஜெர்மன் படித்தவள். அவள் புதுச்சேரியில் சித்தி வீட்டில் வளர்ந்ததால் பிரெஞ்சு அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது. இருவருக்கும் வீடு குன்றத்தூரில், அடுத்தடுத்த தெருக்களில். கம்பெனி பேருந்தில் எனக்கு முந்தைய நிறுத்தத்தில் அவள் ஏறுவாள். ஏறியதும் பக்கத்து இருக்கையில் தன் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். வேறு யாராவது உட்கார வந்தால், "ஆளு கீதுண்ணா, அடுத்த ஸ்டாப்ல ஏறுவாங்க" என்பாள். நான் ஏறியதும் பை அவள் மடிக்குப் போகும். இரண்டு ஆண்டுகளில் அந்த இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அப்படியொரு பயணத்தில்தான் மாற்றுச் சாவிகளை மாற்றிக்கொண்டோம். "அக்கா, ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னா, இல்ல நான் லீவு போட்டா, அந்த ரூமை யாரு தொறக்கறது? ரெண்டு தொரைங்களும் வாசல்ல நின்னுகினு மூஞ்சியப் பாத்துகினு இருப்பாங்க," என்று சிரித்தாள். எங்கள் இருவரிடமும் இரண்டிரண்டு சாவிகள் இருந்தன. அவரவர் மாற்றுச் சாவியை மற்றவளிடம் கொடுத்தோம். இரு நாடுகள் யோசித்து அமைத்த ஏற்பாட்டை ஒரு பேருந்து இருக்கையில் கலைத்துவிட்டோம் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆண்டுதோறும் ஜனவரியில் இரு நாடுகளின் நட்பு நாளைக் கேன்டீனில் கொண்டாடுவார்கள். இரண்டு கொடிகள், ஒரு கேக், ஓர் உரை. 2009இல் உரையாற்றியவர் என் மேலாளர். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் தங்கள் நாடுகள் மூன்று முறை ஒன்றோடொன்று போரிட்டதைச் சொன்னார். கடைசிப் போருக்குப் பிறகு, நிலக்கரியையும் எஃகையும் பொதுவான ஒரு மேலாண்மையின் கீழ் வைத்தார்கள். ஒருவர் அறியாமல் மற்றவர் பீரங்கி செய்ய முடியாதபடி. பிறகு இரு முதிய தலைவர்கள் நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பேச எதுவும் இல்லாவிட்டாலும் குறித்த காலத்தில் இரு அரசுகளும் சந்தித்தே ஆக வேண்டும் என்பது அதில் ஒரு விதி. எங்கள் திங்கட்கிழமைக் கூட்டமும் அந்த வழியில் வந்ததுதான் என்றார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, லைனில் நின்று வேலை செய்பவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

மண்ணூர் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த தென்காசிக்கார சூப்பர்வைசர் கை உயர்த்தினார். "யக்கா, சார்ட்ட ஒண்ணு கேளுங்க. ரெண்டு பேரும் இம்புட்டு சிநேகம்னா எதுக்கு ரெண்டு பூட்டு போட்டிருக்காவ?"

கேன்டீன் சிரித்தது. நான் மொழிபெயர்த்தேன். மேலாளரும் சிரித்துவிட்டு, பூட்டு இருப்பதால்தான் சிநேகம் நீடிக்கிறது என்றார்.

"அப்ப எங்க மாமியார் வூட்டுக்கும் ரெண்டு பூட்டு போடணும்," என்றாள் என் தோழி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

நாங்கள் கவலையில்லாமல் சிரித்தது அன்றுதான் கடைசி. உலகெங்கும் கார் விற்பனை சரிந்திருந்தது. ஓவர்டைம் நின்றது, ஒரு ஷிஃப்ட் நின்றது, ஒரு பேருந்தும் நின்றது. இரண்டு அலுவலகங்களையும் ஒன்றாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. ஒன்றாக்கினால் செயலாளர் வேலை ஒன்றுதான் இருக்கும். அம்பத்தூரில் என் கணவர் வேலை செய்த பட்டறையை மூடி ஓராண்டு ஆகியிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அவளோ தாயையும் மகளையும் தனியாகக் காப்பாற்றி வந்தாள். யாருக்கு அந்த வேலை கூடுதல் தேவை என்று எடை போட்டுப் பார்க்க நான் துணியவில்லை.

ஒருநாள் என் மேலாளர், மிகச் சாதாரணமாக, அடுத்த அறைக்காரர் இப்போதெல்லாம் பாரிஸுடன் நீண்ட நேரம் பேசுகிறாரே, உங்கள் தோழி ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. ஆனால் இதே கேள்வியை அடுத்த அறையில் அவளிடமும் கேட்டிருப்பார்கள் என்பது அக்கணமே புரிந்தது. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு வந்த வாரங்களில் பேருந்தில் நாங்கள் வெயிலைப் பற்றியும் காய்கறியைப் பற்றியும் மட்டும் பேசினோம். மாதிரி அறைக்குச் செல்ல வேண்டி வந்தால் சேர்ந்தே நடந்தோம், வேறு வழியில்லை. அவள் தன் பூட்டைத் திறப்பாள், நான் என் பூட்டைத் திறப்பேன். உள்ளே ஒருத்தி எதைத் தொட்டாலும் மற்றவளின் கண் அந்தக் கையின் மேல் இருந்தது. என் மாற்றுச் சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது என்பதை நான் ஒரு நிமிடமும் மறக்கவில்லை. அந்த அறையில் ஒரு விளக்கு காணாமல் போனால், அல்லது அவள் அந்தச் சாவியை எடுத்து மேலாளரின் மேசைமேல் வைத்தால், என் வேலை அன்றே போய்விடும். அவளுடைய சாவி என்னிடம் இருக்கிறதே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே சமாதானத்தை அவளும் சொல்லிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் அது சமாதானமாக இல்லாமல் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், என் மேலாளரின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அவளுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. என்னைப் பார்த்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். சிறிது நேரத்தில் மேலாளர் என்னை அழைத்தார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நானும் அவளும் எங்கள் எங்கள் சாவிகளைக் கொண்டு வர வேண்டும், மாற்றுச் சாவி உட்பட, என்றார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

அந்தச் சனி ஞாயிறு முழுவதும் ஒரே கணக்குதான். அவளுடைய சாவியை நான் முதலில் திருப்பிக் கொடுத்து, என் சாவியை அவள் தராவிட்டால், பதிலுக்குப் பிடித்து வைக்க என் கையில் எதுவும் மிஞ்சாது. கொடுக்காமல் இருந்தால் அவளும் கொடுக்க மாட்டாள், கூட்டத்தில் இருவருமே மாட்டிக்கொள்வோம். போர் முடிந்த நாட்டார் ஆயுதத்தைக் கீழே வைக்க ஏன் அத்தனை ஆண்டுகள் தயங்கினார்கள் என்று புத்தகங்களில் வாசித்தபோது எனக்குச் சலிப்பாக இருந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சலிப்பாக இல்லை.

திங்கட்கிழமை பேருந்தில் ஏறினேன். பை இருக்கையில் இருந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படப்பை தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா."

"சொல்லு."

"நீ மொதல்ல எடு."

"ஏன், நீ எடேன்."

"நான் எடுத்துட்டு நீ எடுக்கலன்னா?"

"அதையேதான் நானும் கேட்கிறேன்."

ஜன்னலைப் பார்த்தாள். "சரி. ரெண்டு பேரும் ஒண்ணா."

இருவரும் ஒரே நேரத்தில் கைப்பையைத் திறந்தோம். அவள் உள்ளங்கையில் என் சாவி, என் உள்ளங்கையில் அவள் சாவி. மாற்றிக்கொண்டதும் அவள் தன் சாவியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற?" என்றேன், அவள் பேச்சிலேயே.

"என்துதானான்னு. எல்லாம் ஒரே மாதிரிதான கீது."

"போய்ப் போட்டுப் பார்த்துவிடுவோம்."

"நீயும் போட்டுப் பாரு."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மேலாளர்கள் வருவதற்கு முன்பே மாதிரி அறைக்குப் போனோம். அவள் தன் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினாள்; திறந்தது. நான் என் பூட்டில் போட்டேன், அதுவும் திறந்தது. கதவைத் திறக்காமல் மறுபடி பூட்டினோம். "பொய் சொல்லல நீ," என்றாள். "நீயும்தான்," என்றேன். பல வாரங்களுக்குப் பிறகு அவள் தோள் என் தோளில் இடித்தது. கூட்டத்தில் எங்கள் சாவிகளை யாரும் ஒரு கணத்துக்கு மேல் பார்க்கவில்லை.

கோடைக்குள் பிரெஞ்சு நிறுவனம் கூடுதல் பங்கை வாங்கியது. என் மேலாளர் ஊருக்குத் திரும்பினார். வேலை அவளுக்குக் கிடைத்தது. என்னை வாசல் வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்தத்தில். அந்த வெள்ளிக்கிழமை அவள் என் மேலாளரின் அறையில் என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மாதிரி அறையின் இரண்டு பூட்டுகளையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரே ஒரு பூட்டுப் போட்டார்கள். அன்று மாலை பேருந்தில் அவள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள். வண்டி கிளம்பியதும் ஒரு சாவியை என் பக்கம் நீட்டினாள்.

"ரெண்டாவது. நீயே வெச்சிக்கோக்கா."

"எனக்கும் அந்த அறைக்கும் இனி என்ன சம்பந்தம்?"

"நான் லீவு போட்டா யாரு தொறப்பா?"

இது நம்பிக்கையா, நாளை ஒரு விளக்கு காணாமல் போனால் என் பெயரும் சேர்ந்து வரட்டும் என்ற முன்னேற்பாடா என்று யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வாங்குகிறேனா என்று. வாங்கிக் கைப்பையின் உள்ளறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.