கீழ்த்தெருக் குழிகளை மூடிய நாள்

1. வால்வு சாவி

பேரூராட்சியில் குடிநீர்ப் பிட்டராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ஒரு வால்வு சாவியை என் கையில் கொடுத்தார். இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி. குடிநீர் வால்வைத் திறப்பதும் மூடுவதும் அதை வைத்துத்தான். "இது யார் கையில இருக்கோ, அவன் பேச்சத்தான் ஊரு கேக்கும். பத்திரமா வெச்சுக்க" என்றார். நானும் அதை அப்படியே நம்பிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சாவியோடு சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் ஊரைச் சுற்றினேன்.

எங்கள் ஊர் மொரப்பூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நான் சொல்லப் போவது ஒரு வார்டின் கதை. அதில் இரண்டே தெரு, மேட்டுத்தெரு, கீழ்த்தெரு. இரண்டுக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி, ஒரே மெயின் லைன். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் ஒரு மணி நேரம் சப்ளை.

பிரஷர் குறைந்தால் எங்கள் பக்கத்து ஜனங்கள் செய்வது ஒன்றுதான். வாசலில் குழி வெட்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். குழாய் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தண்ணீர் வரும். முதல் வீடு ஒரு அடி இறக்கும். அடுத்த வீடு ஒன்றரை அடி. கடைசியில் கீழ்த்தெருவில் படிக்கட்டு வைத்த குழிகள் வந்துவிட்டன. ஒருத்தர் உள்ளே இறங்கிக் குடத்தைப் பிடிக்க, இன்னொருத்தர் மேலே நின்று வாங்கிக்கொள்வார்.

சட்டப்படி இது தப்பு. அத்தனை குழிக்கும் குழாய் இறக்கிக் கொடுத்தது யார்? நான்தான். "இன்னும் அரை அடி எறக்கி வுடுங்கண்ணா" என்று கேட்பார்கள், இறக்குவேன். பதிலுக்கு ஒரு டீயும் "பிட்டர் அண்ணன் தங்கமானவரு" என்ற பேச்சும் கிடைக்கும். மேட்டுத்தெருவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் புகார் சொன்னால் "தொட்டியில தண்ணி கம்மி" என்பேன். எத்தனை வருடம் அப்படிச் சொன்னேனோ.

2. மெம்பர் கேட்ட பத்து நாள்

நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருடம், அந்த வார்டுக்குச் செல்வி மெம்பரானாள். பஸ் ஸ்டாண்டில் டிபன் கடை வைத்திருந்தவள். தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே மூன்று பேரின் மனுவைக் கேட்பாள். அவள் வீடும் கீழ்த்தெருதான். அங்கேயும் நான் இறக்கிய குழி ஒன்று உண்டு.

வார்டு ஜனங்கள் குறைகளைச் சொல்லும் முதல் ஏரியா சபைக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எங்கள் செயல் அலுவலர், நாங்கள் இ.ஓ. என்று கூப்பிடுகிறவர், நோட்டும் பேனாவுமாக வந்திருந்தார். மேட்டுத்தெருவின் கடைசி வீட்டு ராணி எழுந்து நின்றாள். தருமபுரிப் பக்கம் பனியன் கம்பெனியில் தையல் வேலை. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான் வருமானம்.

"காலைல கீழ்த்தெருவுக்கு வந்து, யாராச்சும் குழியில எடம் வுட்டாத்தான் சார் எனக்கு ரெண்டு குடம். அதத் தூக்கி வெச்சுட்டு ஓடுறதுக்குள்ள ஏழு மணி பஸ் போயிடுது. இன்னொரு தடவ லேட்டா வந்தா வேலைக்கே வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருங்க."

இ.ஓ. கோபக்காரர். "நாளைக்கே போலீஸ வெச்சு எல்லாக் குழியையும் கட் பண்ணிடறேன்" என்றார்.

"நாளைக்குக் கட் பண்ணுவீங்க சார், நாளன்னிக்கு மறுபடி தோண்டுவாங்க" என்றாள் செல்வி. "எனக்குப் பத்து நாள் குடுங்க. ராணி வூட்டுக் கொழாய்ல ஒரு கொடம் நெறையலன்னா நானே ராஜினாமா எழுதித் தர்றேன்."

ஜனங்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. சின்னப் பெண், தெரியாமல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

3. பக்கத்து வீட்டுக் கை

மறுநாளே செல்வி தன் வீட்டுக் குழியை மூடிவிட்டாள். அவள் குழாயிலும் காற்று வர ஆரம்பித்தது. மெம்பர் தலையில் குடத்தோடு தெருவில் நடப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. மகளிர் குழுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இரண்டு அடி நீளத்துக்கு ஒரு பைப் துண்டு என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தரைக்கு மேலே எல்லார் வீட்டுக் குழாயும் இந்த அளவுதான் என்று ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திக் காட்டினாள்.

நானும் கீழ்த்தெருக்காரன்தான். என் பக்கத்து வீட்டுப் பச்சையப்பன் மளிகைக்கடைக்காரர். எதற்கும் ஒரு கேள்வி கேட்பார். "நான் மூடிடறேன் தாயி. பக்கத்து வூட்டுக்காரன் மூடாம வுட்டா, என் தண்ணி அவனுக்குத்தானே போவும்?"

தெருவில் எல்லார் மனதிலும் இருந்த கேள்வி அதுதான். செல்வி கொஞ்ச நேரம் அந்தப் பைப் துண்டைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்:

"அப்ப யாரும் அவங்கவங்க குழிய மூட வேணாம். பக்கத்து வூட்டுக்காரங்க வந்து மூடட்டும். உங்களுத பிட்டர் அண்ணா வூட்டுல மூடட்டும், அவங்களுத நீங்க மூடுங்க. எல்லாரும் ஒரே நாள், ஒரே நேரம்."

பச்சையப்பன் சிரித்துவிட்டார். "அப்பிடின்னா நல்லா இறுக்கித்தான் மூடுவாங்க" என்றார். முப்பது வருடம் குழாயோடு குழாயாகக் கிடந்த எனக்கு இந்த யோசனை ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த இடத்திலேயே அவள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் வந்தது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. கீழ்த்தெருவே மண்வெட்டியும் கூடையுமாக வாசலில் நின்றது. நான் ஒவ்வொரு வீடாகக் குழாயை மேலே ஏற்றிக் கொடுத்தேன். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்ணைக் கொட்டி மிதித்தார்கள். வருடக்கணக்காகப் பேசாத இரண்டு குடும்பங்கள் ஒன்றின் குழியை ஒன்று மூடியதையும் பார்த்தேன். என் வாசல் குழியைப் பச்சையப்பன் மூடினார். அன்றைக்கு மட்டும் சப்ளையைத் தள்ளிவைத்து, ஒன்பது மணிக்கு நான் தொட்டி வால்வைத் திறந்தேன்.

இரண்டு அடி உயரத்திலும் கீழ்த்தெருக் குழாய்களில் தண்ணீர் வந்தது. மேட்டுத்தெருவிலும் ஒவ்வொரு வீடாக ஏறியது. சந்தோஷத்தில் யாரோ விசிலடிக்கும் சத்தம் கேட்டது. கடைசி நாலு வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ராணி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குழாய் இருமியது, அவ்வளவுதான்.

அரை மணி நேரம் போனது. மேட்டுத்தெரு ஆட்கள் கீழே இறங்கி வந்தார்கள். "எவனோ குழிய மறைச்சு வெச்சிருக்கான்" என்று ஒருவர் கத்தினார். "கேள்வி கேட்டவன்தான் வெச்சிருப்பான்" என்று இன்னொருவர் பச்சையப்பன் வீட்டைக் காட்டினார். பச்சையப்பன் முகம் கறுத்துவிட்டது. "எம் புள்ளைங்க மேல சத்தியமா என் வூட்ல ஒண்ணும் இல்லீங்க. வந்து தேடிப் பாருங்க" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். "அண்ணா, லைன் உங்களுக்குத்தான் தெரியும். எங்க போவுது தண்ணி?"

தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக் கொல்லைக்குப் போகிறது. வாசல் குழி ஊருக்குக் காட்டுவதற்கு. துவைக்கிற கல்லுக்குக் கீழே, மெயின் லைனிலிருந்து நேராக ஒரு இஞ்ச் இணைப்பு எடுத்து, தரைக்கடியில் பெரிய சம்ப் தொட்டி ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாருக்கும் அரை இஞ்ச், எனக்கு மட்டும் ஒரு இஞ்ச். வெள்ளிக்கிழமையே என் மனைவி, "அதையும் மூடிருங்க" என்றாள். "யாருக்குத் தெரியப் போவுது" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

பச்சையப்பன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருக்காவிட்டால் அன்றும் வாயைத் திறந்திருப்பேனா, தெரியவில்லை. "அவரு வூட்ல இல்லீங்க. என் வூட்ல இருக்கு" என்றேன்.

5. ஒரு இஞ்ச்

அடி விழும் என்றே நினைத்தேன். ஆனால் செல்வி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி வாங்க, அதையும் மூடிரலாம்" என்றாள், ஏதோ பட்டியலில் விட்டுப்போன ஒரு வீட்டைச் சொல்வது போல. ஆறு பேர் சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். நான் பைப்பை அறுத்தேன். பைப் வாயை அடைக்கும் எண்ட் பிளக்கைப் போடப் போனபோது செல்வி தடுத்தாள். "உங்க கையால வேணாம்ணா. பக்கத்து வூட்டுக்காரங்கதானே மூடணும்?"

பைப் ரெஞ்சைப் பச்சையப்பனிடம் கொடுத்தேன். மனிதர் நிதானமாக முறுக்கினார். முடித்துவிட்டு, "இதப் போட்டன்னிக்கு நான்தான்ணா டீ வாங்கிக் குடுத்தேன். கழிவுத் தண்ணி லைன்னு சொன்னீங்க" என்றார். ரெஞ்சை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். என் வேலைக்காலத்தில் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் கிடையாது.

கால் மணி நேரம் கழித்து மேட்டுத்தெருக் கோடியிலிருந்து ராணியின் சத்தம் வந்தது. "வருதுங்க! வருதுங்க!" செல்வி ஓடினாள். நான் மெதுவாகப் பின்னால் போனேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. யாருக்கும் குழாயை மூட மனம் வரவில்லை. கடைசியில் செல்விதான், "வீணாப் போவுது பாரு" என்று மூடினாள்.

திங்கட்கிழமை இ.ஓ. எனக்கு மெமோ கொடுத்தார். நியாயமான மெமோ. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு அந்த வார்டில் ஒரு குழிகூடக் கிடையாது. போலீஸ் வந்து மூடியிருந்தால் ஒரு மாதம் தாங்கியிருக்காது. தண்ணீர் விடுவது என் கையில் இருக்கும் சாவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இரண்டு அடி பைப் துண்டை வைத்தே ஊருக்குத் தண்ணீர் விட்டாள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லீக்கேஜ் தேடக் கிளம்பும்போது முதலில் உங்கள் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள்.

அடுத்த சப்ளை நாள் காலையில் வால்வை மூடிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஏழு மணி பஸ் நின்றிருந்தது. எப்போதும் கடைசி நேரத்தில் ஓடிவந்து படியில் தொங்கும் ராணி, அன்றைக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்து நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள். தலை ஈரமாக இருந்தது.

"அண்ணா, இன்னிக்கு குளிச்சிட்டு வந்தேன்" என்றாள்.