கைக்கடிகாரம் இல்லாமல் வல்வெட்டித்துறைக்கு

என் அப்பா கேதீஸ்வரனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பட்டணத்தில் ஒரு மினிபஸ் சங்கத்தின் நேரக்கணிப்பாளர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதி, விசில் ஊதி அனுப்புவது அவருடைய வேலை. முன்பு நடத்துநராக இருந்தவர். மிதிபலகையிலிருந்து விழுந்து முழங்கால் பிசகிய பிறகு, சங்கம் அவருக்கு ஒரு மேசையும் கதிரையும் கொடுத்து இருத்தியது.

பதினாறு வருடமாக அந்தக் கதிரை வீட்டுக்கும் கூடவே வருகிறது. "இண்டைக்கு இடியப்பம் ஏழு நிமிசம் லேற்" என்பார். மாதத்தில் ஒரு நாள் அவருக்கு லீவு. அன்றும் பத்து மணிக்குள், "சும்மா ஒருக்கா பஸ் ஸ்ராண்டைப் பாத்திட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்துவிடுவார்.

அம்மாவின் பெயர் பராசக்தி. உரும்பிராயில் வெங்காயத் தோட்டமும் வீடும் அவர் பொறுப்பு. கலியாண வீடு, செத்த வீடு, கோயில், ஆஸ்பத்திரி. இந்த நான்கும் தவிர வேறு எதற்காகவும் அவர் பஸ் ஏறியது கிடையாது. அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ஒரு வேலையும் இல்லாமல், எங்களை ஒருவருக்கும் தெரியாத ஓர் ஊருக்குப் போய், சும்மா நடந்துவிட்டு வரவேண்டும். அப்பாவும் ஒவ்வொரு லீவுக்கும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

போன மாத லீவுக்கு முதல்நாள் அம்மா தீர்த்துச் சொன்னார்.

"இஞ்சருங்கோ, இதுதான் கடைசி. நாளைக்கும் பஸ் வேலை துவங்கினியளெண்டால், இனி நான் உங்களோடை ஒரு இடமும் வரமாட்டன். கேக்கவும் மாட்டன்."

அம்மா கோபத்தில் கத்தினால் பயமில்லை. இதை அவர் அரிசி களைந்துகொண்டு, மெல்லச் சொன்னார்.

வழி பார்ப்பது என் வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டிலிருப்பவள் நான். எனக்கும் எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது. அம்மாவின் நிபந்தனை ஒன்றுதான்: பட்டணத்து ஸ்ராண்டில் கால் வைக்கக்கூடாது. ஆனால் இங்கே பஸ் எல்லாம் பட்டணத்தைத் தொட்டுத்தான் ஓடுகின்றன. கடைசியில் கோப்பாய்ச் சந்தி வரை நடந்து, அங்கிருந்து அச்சுவேலி, பிறகு தொண்டைமானாறு தாண்டி வல்வெட்டித்துறை என்று ஒரு வழி கண்டுபிடித்தேன்.

காலையில் அம்மா அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். வெயில் படாத மணிக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. வழி முழுக்க அப்பா அதைத் தடவிக்கொண்டே வந்தார்.

கோப்பாய்ச் சந்தியில் நின்று சிறிது நேரத்தில், "ஆறு நிமிசம் லேற்" என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"இல்லை, வாய் தவறி வந்திட்டுது."

வந்த பஸ் பருத்தித்துறை பஸ். நடத்துநர் ஜெரிசன், இருபத்தைந்து வயதிருக்கும், அப்பாவைக் கண்டதும் முகம் வெளிறினான்.

"ஐயோ, கேதீஸ் அண்ணை! செக்கிங்கோ?"

"இல்லையடாப்பா. லீவு. குடும்பத்தோடை உலாத்த வெளிக்கிட்டனான்."

"நீங்கள்? உலாத்தவோ?" ஜெரிசன் சாரதியிடம் ஓடி ஏதோ குசுகுசுத்தான். அவ்வளவுதான், பஸ் பறந்தது. நீர்வேலி வாழைத்தோட்டங்கள் பச்சைக் கோடாக ஓடின. பின் இருக்கையில் ஒரு பெண் முருங்கைக்காய்க் கட்டோடு எழும்பி விழுந்தார்.

"தம்பி, மெல்லப் போகச் சொல்லு. நான் ஒண்டும் எழுதேல்லை" என்று அப்பா கெஞ்சினார்.

"உப்பிடிச் சொல்லித்தான் பேந்து எழுதுவியள்" என்றான் ஜெரிசன். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். நாள் நல்லபடி போகும் என்று நினைத்தேன்.

அச்சுவேலியில் இறங்கினோம். அம்மா சந்தையைச் சுற்றினார். ஒன்றும் வாங்கவில்லை. கத்தரிக்காயைத் தூக்கிப் பார்த்து, "எங்கடை வீட்டுக் காயளவு பளபளப்பில்லை" என்று என் காதுக்குள் சொன்னார். பிறகு தேத்தண்ணிக் கடையில் மூன்று பிளேன்ரீயும் எண்ணெயில் பொரித்த வாய்ப்பனும் எடுத்து வந்து அமர்ந்தோம். அப்பா வாய்ப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்பக்கம் போனார். திரும்பி வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். வீதியோரம் இரண்டு மினிபஸ்கள் மூக்கும் வாலும் முட்ட நின்றன. யார் முதலில் வெளிக்கிடுவது என்று சாரதிகள் இருவரும் சண்டை. நடுவில் அப்பா. யாரிடமோ வாங்கிய பேனையால், வாய்ப்பன் சுற்றிய தாளில் பஸ் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

அம்மா பாதி குடித்த பிளேன்ரீயை வைத்துவிட்டு வீதியைக் கடந்து, வீட்டுக்குத் திரும்பும் பக்கத்துத் தரிப்பிடத்தில் போய் நின்றார். நானும் ஓடினேன். அதைக் கண்ட அப்பா தாளைக் கசக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார்.

"இஞ்சரும், பிழைதான். கை தன்ரை பாட்டிலை எழுதிப்போட்டுது."

"நான் வீட்டை போறன்."

அப்பா வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். வெள்ளை மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வீட்டை போற பஸ் இன்னும் முக்கால் மணித்தியாலத்துக்கு இல்லை. வல்வெட்டித்துறை பஸ் இப்ப வரும். இந்த வெய்யிலுக்கை நிக்கப் போறீரோ?"

அவர் நேரம் சொன்னால் அதில் பிழை இருக்காது. அம்மா யோசித்தார். வல்வெட்டித்துறை பஸ் வந்தது. வேண்டாவெறுப்பாக வீதியைத் திரும்பக் கடந்து ஏறினார். நாங்கள் அமர்ந்து பஸ் நகர்ந்ததும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றது.

அம்மா அதைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"முக்கால் மணித்தியாலம் எண்டனீங்கள்?"

"நான் இண்டைக்கு லீவு" என்றார் அப்பா.

பதினாறு வருடத்தில் அவர் சொன்ன முதல் பிழையான நேரம் அதுவாகத்தான் இருக்கும். அம்மா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதில், சிரிக்கிறார் என்று தெரிந்தது.

தொண்டைமானாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. சந்நிதி கோயில் பக்கம் பார்த்து அம்மா கும்பிட்டார். இறங்குவோமா என்று கேட்டேன். "விசரே? இறங்கினால் இதுவும் கோயில் பயணமாப் போயிடும். முருகன் குறை நினைக்கமாட்டார்."

வல்வெட்டித்துறையில் ஒழுங்கைகளில் நடந்தோம். யன்னலுக்குக் கடல்நிறம் பூசிய வீடுகளை அம்மா நின்று நின்று பார்த்தார். கரையில் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. சிவக்கொழுந்து என்று ஒரு பெண் வலையில் சிக்கிய பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆரின்ரை வீட்டுக்கு வந்தனீங்கள்?"

"ஒருத்தற்றை வீட்டுக்குமில்லை. உரும்பிராயிலையிருந்து சும்மா வந்தனாங்கள்."

"சும்மாவோ? உரும்பிராயிலையிருந்தோ?" அவர் சிரித்து, பக்கத்திலிருந்த பலகையைத் தட்டிவிட்டார். "அப்ப இருங்கோவன்."

அம்மா இருந்தார். வெங்காயத்துக்கு வரும் நோயையும் மீன் வராத மாதங்களையும் பற்றி இருவரும் கதைத்தார்கள். பிறகு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, கணுக்கால் நனையத் தண்ணீரில் போய் நின்றார்.

அப்போதுதான் வீதியில் ஹோர்ன் கேட்டது. பருத்தித்துறையிலிருந்து திரும்பிய ஜெரிசனின் பஸ்.

"அண்ணை, ஓடி வாங்கோ! உங்களுக்காக நிப்பாட்டி வைச்சிருக்கிறன்!"

பஸ் நிறையச் சனம். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா தன்னையறியாமல் எழும்பினார். அம்மாவுக்கும் ஹோர்ன் கேட்டிருக்கும்; ஆனால் அவர் திரும்பவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். ஸ்ராண்டில் பஸ்ஸை அனுப்புகிற அதே விசில்.

"போடாப்பா! சனத்தைக் காக்க வைக்காதை. நாங்கள் பேந்து வாறம்!"

பஸ் போய்விட்டது. அப்பா காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று அம்மா கேட்டார்.

"என்னட்டை மணிக்கூடு இல்லை."

அம்மா காலால் தண்ணீரை அவர் மேல் தட்டினார்.

அடுத்த லீவு வருகிற புதன்கிழமை. அம்மா வட்டுக்கோட்டை என்று சொல்லிவிட்டார். அப்பா இரண்டு முறை எந்த நாள் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பட்டணம் தொடாமல் மருதனார்மடம், மானிப்பாய், சங்கானை என்று வழி எழுதி வைத்திருக்கிறேன்.