பின்சீட்டிலிருந்து வந்த வாசனை

டிசம்பர் மாதத்தில் பாண்டிச்சேரி நம்பர் வண்டியை எந்தப் போலீஸ்காரரும் நம்புவதில்லை. கடலூர்ச் சாலை செக்போஸ்ட்டில் எங்கள் பழைய மாருதியை ஒருவர் கைகாட்டி ஓரங்கட்டினார்.

"என்னா சார், எத்தனை பாட்டில்?"

"ஒண்ணும் இல்ல சார். குடும்பத்தோட டூர் போறோம்."

"பாண்டியிலேர்ந்து ஒண்ணும் இல்லாம போறியா? டிக்கியத் தொற."

இரண்டு பெட்டி, ஒரு பாய், குடை. அவர் முகம் தொங்கிப்போனது. அவருடைய தோளுக்குப் பின்னால் நானும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

என் கணவர் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இன்னொரு முறை வாடை வந்தால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். அந்த மனிதர் அரைப் பரீட்சை லீவுக்குப் போட்ட வழியைப் பாருங்கள். தரங்கம்பாடி, காரைக்கால், வேளாங்கண்ணி என்று கடலோரமாகவே இறங்கி, பிறகு மேற்கே திரும்பிக் கம்பம். அங்கே அவரோடு வேலை பார்ப்பவரின் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம். தோட்டத்தை ஒட்டி, வைன் போடுகிற சின்ன ஆலை ஒன்றும் உண்டு.

"பாப்பா கொடியில தொங்குற திராட்சையப் பாக்கட்டுமே" என்றார். திராட்சை பெரிய மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது. கொடியைப் பார்க்கவா முன்னூறு மைல்?

சிதம்பரம் தாண்டியதும் வெயில் ஏறியது. காருக்குள் அந்த வாசனை வந்தது. மெல்லியது, இனிப்பானது, கொஞ்சம் கசந்தது. ஜன்னலை இறக்கினேன், போனது. ஏற்றினேன், வந்தது. அவர் நேராகச் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். அவ்வளவு நேராகப் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை.

தரங்கம்பாடியில் கோட்டைக்கு வெளியே மணலில் உட்கார்ந்தோம். சுனாமி வந்துபோய் இரண்டு வருடம்தான். கடல் பூனைபோல் சுருண்டு கிடந்தது. அதன் சாதுத்தனத்தை அங்கே யாரும் நம்பவில்லை, எல்லோரும் சற்றுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள். மகள் தகர டப்பாவைத் திறந்தாள். நாங்கள் கிளம்பும்போது குருசுக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மடியில் வைத்துவிட்ட விவிக்கம் கேக், எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் பலகாரம். ரவையும் வெண்ணெயும் ஊறிய பழமுமாகக் கனத்துக் கிடக்கும். "அஞ்சு நாள் கெடாது, அப்பிடி செஞ்சிருக்கேன்" என்று அக்கா சொல்லியிருந்தார்.

"எனக்கு வேணாம். நீங்க சாப்பிடுங்க" என்றார் கணவர்.

வருடா வருடம் தட்டோடு வழித்துத் தின்கிறவர். குடிக்கிறவனுக்கு இனிப்பு இறங்காது என்று எங்கேயோ கேட்டது ஞாபகம் வந்தது. என் துண்டை மென்றபடி அதையும் மென்றேன்.

காரைக்கால் எங்கள் மாநிலம்தான். எவ்வளவு தள்ளிக் கிடந்தாலும் அதே மதுக்கடைகள், அதே மலிவு. சாயங்காலம் டயருக்குக் காற்று பிடிக்கப் போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். காற்றுக்கு முக்கால் மணி நேரமா? மறுநாள் வேளாங்கண்ணியில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் கால் நனைக்கப் போனபோது, காரில் இருந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து மோந்தேன். டீ. தண்ணீர் பாட்டிலை மோந்தேன்.

"என்னாம்மா, போலீஸ் நாய் மாதிரி?" என்றாள் மகள்.

"நீ வாய மூடு."

"நான் மூடிடுவேன். நீதான் மூக்க மூட மாட்டேங்குற."

தஞ்சாவூர், மதுரை, தேனி. வழியெல்லாம் வாசனையும் கூடவே வந்தது. கம்பத்துப் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகக் கறுப்புத் திராட்சை. கீழே நடந்தால் நிழலே ஊதா நிறம். எதையும் முழுதாகப் பார்க்கவில்லை நான். அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலைக்குள் தோட்டக்காரர், அந்த மாமனார்தான், மூன்று கண்ணாடி டம்ளர்களில் சிவப்பாக ஊற்றி வைத்தார்.

"நம்ம தோட்டத்துப் பழம். ஒரு வாய் பாருங்க மாப்ள."

"வேணாங்க. வண்டி ஓட்டணும்."

எனக்குள் ஏதோ அறுந்தது. "யாருக்காக இந்த நாடகம்? மூணு நாளா காரே நாறுது!"

தோட்டக்காரர் டம்ளர்களைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். கணவர் காருக்குப் போய், பின்சீட்டிலிருந்த தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் திறந்து சாய்த்தார். மிச்சமிருந்த கேக்குக்கு அடியில் பழுப்பாக ஒரு குளம் நகர்ந்தது.

"மோந்து பாரு."

மாதக்கணக்கில் பழங்கள் ஊறிய ரம். கெடாமல் இருக்க அக்கா மேலாகவும் தாராளமாக ஊற்றியிருக்கிறார். அதில் ரம் உண்டென்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தின்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் அது கேக், குழந்தைக்கும் ஊட்டுவோம். சாராயத்தோடு அதைச் சேர்த்து யாரும் யோசிப்பதில்லை. விட்டவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. மூன்று நாள், முதுகுக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா தூக்கி எறிஞ்சிருப்ப. பாப்பா ஆசையாத் தின்னுது."

மகள் டப்பாவை வாங்கி மூடினாள். தோட்டக்காரர் அதையே கேட்டு வாங்கிக்கொண்டார், எங்களுக்கு ஒரு கூடைத் திராட்சை கொடுத்தார்.

அன்று சாயங்காலம் லாட்ஜிலிருந்து பரோட்டா வாங்கப் போனார் கணவர். நான் மணி பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம். பொட்டலத்தை மேசைமேல் வைத்தவர், நான் கேட்காமலே குனிந்து என் முகத்துக்கு நேராக ஒரு தடவை ஊதினார். சால்னா வாசனை.

"போதுமா?"

"கடையிலேயே ஒண்ணு தின்னுட்டு வந்திருக்கீங்க" என்றேன்.

"ரெண்டு" என்றார்.