அப்பாவின் உதட்டுக்கு நான் எண்ணியது

எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அப்பாவின் உதட்டுக்குத்தான் மரியாதை அதிகம். அவர் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். எங்கள் பேட்டை நீலசந்திராவில் கல்யாணமோ சாவோ, சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்பார். ஊதப் போகிற நாளில் அவருக்குச் சூடான டீ கூடாது, மிளகாய் கூடாது. அவருக்காக எங்கள் எல்லோருக்கும் அதே சப்பென்ற சாறும் சோறும்தான்.

"இந்த வீட்ல நோயாளியே இல்ல, பத்தியம் மட்டும் வருஷம் பூரா நடக்குது. ஸ்வல்பம் காரம் போட்டா உதடு கழண்டா விழுந்துடும்?" என்பாள் அம்மா. அப்பா சிரிக்கமாட்டார். சிரித்தால் உதடு தளரும் என்பார்.

காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் படியில் உட்கார்ந்து பழகுவார். முதலில் டிரம்பெட்டே கிடையாது. என் பள்ளிக்கூடப் பென்சிலைப் பல் படாமல் உதட்டால் மட்டும் கவ்வி, அது தொங்கிப் போகாமல் நேராக நிறுத்தியிருப்பார். உதட்டின் இரண்டு ஓரமும் அப்படித்தான் கெட்டிப்படுமாம். அப்புறம் மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதுவார். கொசு கத்துகிற மாதிரி இருக்கும். கடைசியில்தான் டிரம்பெட். ஒரே சுரத்தை ஆடாமல் நீட்டுவார். நான் இருபது எண்ணிக் கையைத் தூக்குவேன். அவர் இறக்கிவிடுவார். மறுபடி இருபது எண்ணும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். ஊதின அளவுக்கு உதட்டைச் சும்மா விடவேண்டும் என்பது அவர் சட்டம். கன்னத்தை உப்பி, டிரம்பெட்டை வாயில் அழுத்தி ஊதுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளப்பம். "அவன் உதட்டால ஊதல, பல்லால ஊதுறான்" என்பார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன். எனக்கென்று இருந்த ஒரே பெருமை அந்தக் கை தூக்குகிற வேலை. கிட்டத்தில் ஊர்வலம் என்றால் நானும் கூடவே நடப்பேன். இரண்டு பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கினால் அப்பா இறக்குவார், கிளாரினெட்காரர் பிடித்துக்கொள்வார். "ஏண்ணா, உன் மேஸ்திரி கை தூக்கிட்டா, இறக்கு" என்று அவர் கேலி செய்வார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பிடிக்கவும் பிடிக்கும்.

அந்த வருஷம் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நாலு மாசக் குழந்தை. இரண்டே நாள்தான்.

பேண்டு செட் ஆட்கள் கோட்டு இல்லாமல் வந்து தெருவில் நின்றார்கள். கையில் எதுவும் இல்லாததால் டிரம்காரருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்பா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து டிரம்பெட்டோடு வெளியே வந்தார். தெருப் பெரியவர் ஒருவர் அவர் தோளில் கை வைத்தார்.

"வேணாம்பா. பால் குடிக்கிற புள்ளைக்கு மேளதாளம் கெடையாது. எடுத்துனு போய் அமைதியா மண்ணுல வெச்சுட்டு வரணும். உனக்குத் தெரியாததா?"

அப்பா உள்ளே போனார். டிரம்பெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து தம்பியைக் கையில் வாங்கிக்கொண்டார். தம்பியையும் ஒரு துணியில்தான் சுற்றியிருந்தார்கள்.

அவர் திரும்பி வந்ததும் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க வெச்சீங்க?"

"சுடுகாட்டுக் கேட்டுக்கு எடது பக்கம். செவுத்தோரம்."

ஐந்தாம் நாள் பக்கத்துத் தெருவில் ஒரு கிழவர் இறந்தார். கொள்ளுப்பேரன் வரை பார்த்தவர், அதனால் பூப்பல்லக்கு, பட்டாசு எல்லாம் உண்டு. பேண்டு மாஸ்டர் வீட்டுக்கே வந்து, "நீ வராத, வேற ஆள பாத்துக்கறேன்" என்றார். அப்பா கோட்டை மாட்டினார். அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீயும் போ. கை தூக்க மறந்துடாத. அவர் உதட்ட வெச்சுதான் நாம இருக்கோம்" என்றாள்.

இரண்டு பாட்டு முடிந்தது. கையைத் தூக்கினேன். அப்பா கண்ணை மூடியிருந்தார். மூன்று, நாலு, ஐந்து பாட்டு ஆனது. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து ஓடி, எம்பி எம்பிக் கையைத் தூக்கினேன். அவர் இறக்கவே இல்லை. கெட்டியாக நிற்கும் அந்த உதட்டோரங்கள் தளர்ந்து, கன்னம் உப்பியது. டிரம்பெட்டை வாயோடு அழுத்திக்கொண்டு ஊதினார், அவர் இளப்பமாகச் சொல்வாரே, அதே மாதிரி.

"போதும்ணா, இறக்கு. நான் பாத்துக்கறேன்" என்று கிளாரினெட்காரர் கெஞ்சினார்.

சுடுகாட்டுக் கேட்டு வந்தது. அங்கே பேண்டு நின்று, பல்லக்கைப் பார்த்துத் திரும்பி, கடைசிப் பாட்டு வாசிப்பது வழக்கம். எல்லோரும் திரும்பினார்கள். அப்பா மட்டும் பல்லக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது பக்கமாகப் பார்த்து நின்றார். சுரம் உடைந்து உடைந்து வந்தது. இறக்கியபோது மவுத்பீஸில் ரத்தம் இருந்தது. கிழவரின் மூத்த மகன் கண் கலங்கி, "எங்கப்பாவுக்காக இப்படி உசுரக் குடுத்து ஊதுனியே" என்று அப்பாவுக்கு ஒரு துண்டு போர்த்தினார். அப்பா அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தார்.

உதடு உள்ளே கிழிந்திருந்தது. வீக்கம் வடிய ஒரு மாசம் ஆனது. மறுபடி படியில் உட்கார்ந்து பென்சிலைக் கவ்வினார். அது தொங்கியது. டிரம்பெட்டை எடுத்தால் எட்டு எண்ணுவதற்குள் சுரம் உடைந்தது. ஒரு நாள் எனக்குப் பொறுக்காமல் வேகவேகமாக எண்ணி, இருபது என்று கையைத் தூக்கிவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏம்மா இவ்ளோ அவசரம்?" என்றார். கோபமே இல்லை.

அதற்குப் பிறகு என்னை எண்ணச் சொல்லவில்லை. டிரம்பெட்டுக்குப் பதிலாகப் பேண்டு செட்டிலேயே பெரிய ஜால்ராவைத் தட்டினார். எங்கள் வீட்டுச் சாற்றில் மிளகாய் விழுந்தது. அப்பா அதையும் சாப்பிட்டார்.

இப்போதும் தெருவில் பேண்டு போனால் என் வாய் தானாக எண்ணும். மருமகள் என்ன முணுமுணுக்கிறீர்கள் என்று கேட்பாள், ஒன்றுமில்லை என்பேன். அந்த வயதில் எனக்கு ஒரு நினைப்புத்தான் இருந்தது. எல்லோரும் ஒரு பக்கம் திரும்பி நிற்கும்போது அப்பா மட்டும் தப்பான பக்கம் நின்றுவிட்டார், அதனால்தான் என் கை அவர் கண்ணில் படவில்லை. நான் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடி, அந்த இடது பக்கச் சுவரோரமாகப் போய் நின்று கையைத் தூக்கியிருந்தால், அப்பா என்னைப் பார்த்து இறக்கியிருப்பார் என்று நினைத்தேன்.