கிடங்குச் சுவரின் மூன்று கோடுகள்

ஊரில் அவரை ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். கொத்தனார் சுவரில் வைத்துக் கோணல் பார்க்கிற கருவியின் பெயர் அது. முப்பத்தைந்து வருடம் கொத்து வேலையில் ஊறியவர். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடக் கண் சுவரில்தான் நிற்கும். ஜன்னல் சட்டம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் செத்தவரை மறந்துவிடுவார். கல்யாணமான புதிதில், மனைவி மாட்டிய காலண்டரை மூன்று தடவை நேராக்கிவிட்டு நான்காவது தடவையும் எழுந்தபோது, "அப்படியே என்னையும் கொஞ்சம் நிமித்தி வச்சிட்டுப் போங்க" என்றாளாம். இன்றைக்கும் அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார், காலண்டரை நேராக்கிவிட்டு.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் ஊர்க்காரர்கள் பழைய தானியக் கிடங்கை ஒப்படைத்தார்கள். ஆற்றங்கரையில், பெரிய வெளி என்று ஊர் சொல்கிற திறந்த நிலத்தின் ஓரமாக நிற்கிற கட்டடம். நூற்றைம்பது வயதுக்குக் குறையாது. கூரை பாதி இறங்கி, இடித்துவிடலாம் என்ற பேச்சு கிளம்பியபோது ஏழெட்டுப் பேர் சேர்ந்து பழமைக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு உயிரே தபாலக்காதான். முப்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுப் பெட்டியில் என்ன பழைய காகிதம் கிடக்கிறது என்பது வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய அப்பா அந்தக் கிடங்கில் காவலாளியாக இருந்தவர். தபாலக்கா கேட்டதும் ரசமட்டம் கூலி பேசாமல் வேலையில் இறங்கினார். நல்ல மனசுதான், அதில் குறை சொல்ல முடியாது.

குறை பிறகு வந்தது. கிடங்கின் உள்ளே, வாசலுக்கு எதிர்ச் சுவரில் மூன்று கோடுகள் இருந்தன. ஆறு கரை உடைத்த மூன்று தடவையும் தண்ணீர் எதுவரைக்கும் நின்றது என்று பழைய சுண்ணாம்புப் பூச்சில் உளியால் வெட்டி, பக்கத்தில் வருடத்தையும் பொறித்திருந்தார்கள். எப்போதும் மூட்டை அடுக்கியிருந்த சுவர் என்பதால் ஊருக்கே அது மறந்துபோயிருந்தது. ரசமட்டம் பார்த்தார். படித்தார். கோட்டைக் கண்டால் டேப்பை நீட்டாமல் இருக்க முடியாத கை அது. மூன்றின் உயரத்தையும் அளந்து அளவு நோட்டில் குறித்துக்கொண்டார். என்ன கோடு என்று தெரியாமல் அளந்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பூசியிருக்கலாம். அப்படிப் பூசினால் நடுவில் ஒரு பள்ளம் விழும், பார்க்கிறவன் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும். ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார். மறுநாள் காலையில் பழைய பூச்சு மொத்தத்தையும் கொத்தி எடுத்தார். கொத்தாமல் பூசினால் புதுப் பூச்சு பிடிக்காது, நாலு மாசத்தில் உதிர்ந்துவிடும், அது தொழில். அந்தத் தொழிலைச் சாக்காக வைத்துக் கோடுகளைத் தீர்த்துக்கட்டினார் என்பது நிஜம். திறப்பு நாளில் வந்தவர்கள் ஆளாளுக்குச் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். வாசலில் மாட்டிய பலகையில் அவருடைய போட்டோவும் ஏறியது.

ஐந்து வருடம் கழித்துப் பெரிய வெளிக்கு ஆபத்து வந்தது. மாடு மேய்வதும் பிள்ளைகள் பந்து உதைப்பதும் பாதி ஊரின் துணி காய்வதும் அங்கேதான். அதில் இருநூறு வீடு கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட்டது. வெள்ளம் ஏறுகிற நிலம், கட்டக் கூடாது என்றது குழு. ஐம்பது வருடமாக ஏறவில்லையே, ஏறியதற்கு அளவோடு ஆதாரம் காட்டுங்கள், அதிகாரி வந்து பார்ப்பார் என்றது நிலத் துறை. அப்போதுதான் தபாலக்காவுக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்தது. நேராக ரசமட்டத்தின் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"தம்பி, அந்தக் காலத்துல கிடங்குச் சுவத்துல வெள்ளக் கோடு வெட்டியிருந்தாங்க. கடைசிக் கோடு எங்கப்பா வெட்டினது. எனக்கு அப்ப ஏழு வயசு. எவ்வளவு உயரம்னு இப்ப சொல்லத் தெரியல, ஆனா உன் பூச்சுக்கு அடியில பத்திரமா இருக்கும். அதிகாரி வர்ற அன்னிக்கு நீயே உரிச்சுக் காட்டிடு, போதும்."

"சரிக்கா," என்றார் ரசமட்டம்.

அடியில் ஒன்றும் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அந்த "சரிக்கா"வை நினைத்து நினைத்துப் பத்து நாள் கூனிக் குறுகினார். குழுக்காரர்கள் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பினார். பலகையில் இருக்கிற தன் முகத்தைப் பார்க்கக் கூசிக் கிடங்கு வழியே போவதையும் விட்டார்.

அதிகாரி வருகிற காலையில் மனைவி இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினாள். பையில் அந்த அளவு நோட்டு இருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அஞ்சு வருஷமா பரண்ல ஒளிச்சு வச்சிருக்கீங்க, நான் தூசி தட்ட மாட்டேனா? சொல்றதும் சொல்லாம விடுறதும் உங்க இஷ்டம். மறந்துபோச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க."

கிடங்கில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நிறுவனத்து ஆள் கைகட்டி ஓரமாக நின்றார். அதிகாரி தலையசைத்ததும் ரசமட்டம் உளியை வைத்தார். தன் கையால் பூசியது, லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. துண்டு துண்டாக உதிர்ந்து உள்ளே தெரிந்தது வெறும் செங்கல்லும், அதன்மேல் வரிசையாகக் கொத்திய தழும்புகளும். பாதிச் சுவர் உரிவதற்குள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தபாலக்கா முகம் வாடிப்போனாலும் முதல் ஆளாக அவருக்குப் பரிந்து பேசினார்.

"தம்பி மேல தப்பில்ல சார். அப்ப சுவரெல்லாம் உளுத்துப்போய்க் கிடந்துச்சு. கோடு இருந்ததே தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா தொட்டிருப்பாரா?"

அதிகாரி திரும்பினார். "நீங்க கோடு எதையும் பாக்கலையா?"

"இல்லைங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல். அதிகாரி எழுதிப் படித்துக் காட்டினார்: "புதுப்பிக்கும்போது சுவரில் கோடு எதுவும் காணப்படவில்லை என்று கொத்தனார் தெரிவித்தார்." கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார். நிறுவனத்து ஆள் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டு போனை எடுத்தார். தபாலக்கா ரசமட்டத்தின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "விடு தம்பி, உனக்கென்ன தெரியும்."

அந்தத் தட்டலை அவரால் தாங்க முடியவில்லை. வாங்கிய பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"எழுதினதை அடிச்சிடுங்க சார். பாத்தேன். மூணு கோடு இருந்துச்சு." நோட்டைப் பிரித்து நீட்டினார். "ரெண்டடி நாலு இஞ்சு, மூணடி ஒண்ணு, நாலடி ஏழு. எந்தெந்த வருஷம்னும் எழுதியிருக்கேன். என்ன கோடுன்னு தெரிஞ்சுதான் கொத்தினேன். சுவர் ஒரே சீரா வரணும்னு."

அதிகாரி அதே பக்கத்தில் எழுதியிருந்த கதவு அகலத்தையும் தூண் உயரத்தையும் டேப் வைத்துச் சரிபார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை.

"இவ்வளவு தண்ணி நின்ன இடத்துல வீடு கட்ட அனுமதி கிடைக்காது," என்றார். "நோட்டு என்கிட்ட இருக்கட்டும். பூச்சு மிச்சமிருக்கிற பக்கத்துல மூணு உயரத்தையும் வெட்டி வைங்க, போட்டோ எடுக்கணும்."

வெளி பிழைத்தது. போகிற போக்கில் இரண்டு பேர், "கடைசியில உண்மையைச் சொன்னாரே, பெரிய மனசு" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அது அவருக்கு அடி வாங்கினது போல இருந்தது. தலை நிமிராமல் வெட்டினார். இரண்டு கோடு முடிந்து மூன்றாவது முடியும்போது தபாலக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுதான் அப்பா வெட்டினதா?"

"ஆமாக்கா."

தபாலக்கா இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கோட்டின்மேல் மெதுவாக விரலை ஓட்டினார்.

"கழுத்தளவு தண்ணியில, என்னைத் தோள்ல உக்கார வச்சுக்கிட்டு வெட்டினாரு. நான் பயந்துபோய் ஆடுனேன், அவருக்கு உளி வழுக்கிக் கோடு கோணலாப் போயிடுச்சு. கோணலாத்தானே இருந்துச்சு, தம்பி?"

"கோணல்தான்க்கா."

"எந்தப் பக்கம் எறங்கியிருந்துச்சு?"

தான் வெட்டிய நேர்க்கோட்டின் இந்த முனையையும் அந்த முனையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். அதை அவர் நோட்டில் எழுதியிருக்கவில்லை.