மாத்திரையை நம்பி மாஸ்க்கை மாட்டிவைத்தவர்

என் கணவர் தவளக்குப்பத்தில் ஒரு பட்டறையில் கார்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறார். குழந்தை இல்லையென்று நான்கு வருடம் எனக்கே டெஸ்ட் மேல் டெஸ்ட் எடுத்தார்கள். ஒருவழியாக அவரும் எடுத்துக்கொண்டபோது, விந்தணு குறைவு என்று தெரிந்தது. பெயின்ட், தின்னர் புகை காரணமாக இருக்கலாம் என்ற டாக்டர், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எழுதிக்கொடுத்தார். வேலையில் வடிகட்டி பொருத்திய மாஸ்க் கட்டாயம் என்றார்.

மாத்திரையை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம், அவர் விட்டுப்போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சிவப்புப் பெயின்ட் புகைக்குள் வெறும் முகத்தோடு நிற்கிறார். மாஸ்க் ஆணியில் தொங்குகிறது. அதற்குள் மாத்திரை அட்டையை வைத்திருக்கிறார்.

“அதான் மாத்திர போடுறேன்ல, விஷத்த அது பாத்துக்கும்,” என்றார்.

“ஓட்டைய அடைக்காம தண்ணிய எறச்சிக்கினே இருந்தா எப்ப தீரும்?” என்று கத்திவிட்டேன். டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார். மாத்திரை துணைக்குத்தானாம்.

இப்போதெல்லாம் அவர் வீட்டுக்கு வந்ததும் வெள்ளைக் கைக்குட்டையை நீட்டி, மூக்கைச் சிந்தச் சொல்கிறேன். போன வாரம் சிவப்புப் பெயின்ட் வந்தது; நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்த வாரம் கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கிறது.